மென்தட்டும் தளக்காவலும்: பேஸ்போல் ஆட்டத்தின் ஒரு நுட்பம்

கல்லூரி மலரொன்றிலே விளையாட்டைப் பற்றி எழுதப் புகுவோர் கிரிக்கெற்றைப் பற்றியோ உதைபந்தாட்டத்தைப் பற்றியோ எழுதுவதே பெருவழக்கு. அவ்விரண்டும் நம் மைதானங்களில் வேரூன்றிவிட்டவை. அவைபற்றித் தமக்கென ஓர் அபிப்பிராயம் இல்லாத பழைய மாணவரைக் காண்பதும் அரிது. ஆதலின் அவற்றை அவர்களிடமே விட்டுவிட்டு, அமெரிக்க மக்கள் தம் தேசிய விளையாட்டெனப் போற்றும் பேஸ்போல் ஆட்டத்தில் ஒரேயொரு கூற்றை மட்டும் எடுத்து விளக்க முயல்கின்றோம். கூறு சிறிது, ஆனால் அதன் பொருட்டு உலகத் தொடர் எனப்படும் பெருஞ் சாம்பியன் பட்டமே கைநழுவிப் போன சந்தர்ப்பங்கள் உண்டு. பந்து சென்ற தூரமோ முப்பது நாற்பது அடிக்கு மேற்பட்டதன்று.

அக்கூறு யாதெனின், தளங்களில் ஓட்டவீரர் நிற்கும்போது எதிர்ப்பக்கத்தார் பந்தை ஓங்கி அடியாது மெல்லத் தட்டிவிடுவாராயின், அதனைக் காவற்பக்கத்தார் எவ்வாறு எதிர்கொள்வது என்பதேயாம். அமெரிக்கர் இத்தட்டுதலைப் ‘பண்ட்’ என்பர். நாம் அதனை மென்தட்டு என வழங்குவோம்.

ஆட்டத்தின் அமைப்பு

நம் நாட்டு எல்லே ஆட்டத்தை அறிந்த மாணவர்க்கு இதன் அமைப்பு முற்றிலும் புதியதன்று. சதுரமொன்றின் நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள் உள. அடிவீரர் நிற்பது மூலத்தளம். அங்கிருந்து வலப்புறமாக முதலாந் தளம், நேரெதிரே இரண்டாந் தளம், இடப்புறத்தே மூன்றாந் தளம் என்பன அமைந்துள்ளன. ஒரு தளத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி. நடுவே சிறு மேட்டில் நின்று எறிவீரர் பந்தை எறிவர்; அவர் நிற்குமிடம் மூலத்தளத்திலிருந்து 60 அடி 6 அங்குலம். மூலத்தளத்தின் பின்னே குந்தியிருந்து அதனைப் பிடிப்பவர் பின்காவலர். தளக்காவலர் மூவர். இரண்டாந் தளத்துக்கும் மூன்றாந் தளத்துக்கும் இடைவெளியைக் காப்பவரை அமெரிக்கர் ‘ஷோர்ட்ஸ்டொப்’ என்பர்; அவரை இடைக்காவலர் எனலாம். இவ்வறுவரும் அகக்காவலர். அவர்க்கு அப்பால் மூவர் வெளிக்காவலர்.

ஒரு பக்கத்தார் மூவர் ஆட்டமிழந்தால் அவர்தம் முறை முடியும். நான்கு தளங்களையும் சுற்றி வந்தவர் ஓர் ஓட்டம் பெறுவர். இனி, நம் விடயத்துக்கு இன்றியமையாத விதியொன்று உண்டு. அடிவீரர் பந்தைத் தட்டிவிட்டு முதலாந் தளத்தை நோக்கி ஓடும்போது, அங்கே முன்னரே நின்றவர் அதனை அவருக்கு விட்டுக்கொடுத்து அடுத்த தளத்துக்கு ஓடியே ஆகவேண்டும். இவ்வாறு கட்டாயத்தின் பேரில் ஓடுபவரை ஆட்டமிழக்கச் செய்தற்கு, அவர் சேரவேண்டிய தளத்தைப் பந்தைக் கையிற்கொண்ட காவலர் ஒருவர் மிதித்தாற் போதும். கட்டாயமின்றி ஓடுபவரையோ பந்தாலே தொடவேண்டும். மிதிப்பது எளிது, தொடுவது கடினம். மென்தட்டைக் காக்கும் உபாயங்கள் யாவும் இவ்வேறுபாட்டினின்றே பிறந்தன.

தட்டுவோர் தேடும் இலாபம்

அடிவீரர் மட்டையை வீசாமல், பந்தின் வழியிலே அதனை நீட்டிப் பிடித்து, பந்தைத் தரையோடு தரையாக உருளவிடுவர். தாம் முதலாந் தளத்தில் ஆட்டமிழந்தாலும், முன்னே நிற்கும் ஓட்டவீரர் ஒரு தளம் முன்னேறிவிடுவர் என்பதே கருத்து. தம்மைக் கொடுத்துப் பிறரை முன்னேற்றுதலின் இதனைத் தியாகத் தட்டு என்பர்.

இத்தியாகம் இலாபந் தருவதா என்பதைக் கணக்கர் ஆராய்ந்திருக்கின்றனர். 2010 முதல் 2015 வரையுள்ள அமெரிக்கப் பெருங்குழு ஆட்டங்களின்படி, எவரும் ஆட்டமிழவாத நிலையில் முதலாந் தளத்தில் ஒருவர் நின்றால், அம்முறை முடியுமுன் சராசரியாக ஏறத்தாழ 0.86 ஓட்டம் வரும். தியாகத் தட்டு நிறைவேறி, ஒருவர் ஆட்டமிழந்து மற்றவர் இரண்டாந் தளத்தை அடைந்தபின், அச்சராசரி ஏறத்தாழ 0.66 ஆகக் குறைகின்றது. ஓர் ஓட்டமேனும் வருதற்குள்ள வாய்ப்பை மட்டும் நோக்கினும், நூற்றுக்கு 42 அளவில் இருந்தது 40 அளவுக்கு இறங்குகின்றதேயன்றி ஏறவில்லை. முதலாம் இரண்டாந் தளங்களில் இருவர் நிற்கும்போது நிலைமை சற்று வேறு. அங்கே சராசரி சிறிது குறைந்தாலும், ஓர் ஓட்டமேனும் பெறும் வாய்ப்பு நூற்றுக்கு அறுபதைச் சற்றே தாண்டிய நிலையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காக உயருகின்றது.

இக்கணக்கைக் காவற்பக்கத்தார் தம் நோக்கில் வைத்துப் பார்த்தல் வேண்டும். எதிரி தாமாகவே முன்வந்து ஓர் ஆட்டமிழப்பைத் தருகின்றார். அதனைப் பெற்றுக்கொள்ளுதல் பெரும்பாலும் நமக்கே நன்று. அதனைப் பெறாது விடுவதும், பந்தைக் கண்டபடி எறிந்து ஓட்டவீரர் எல்லாரையும் முன்னேறவிடுவதுமே கேடு. எனவே மென்தட்டைக் காப்பதில் முதல் விதி, உறுதியான ஓர் ஆட்டமிழப்பைத் தவறாது பெறுக என்பதாகும். முன்னணி ஓட்டவீரரை வீழ்த்துதல் இரண்டாவதே.

முதலாந் தளத்தில் ஒருவர்

ஒருவர் முதலாந் தளத்தில் நிற்கின்றார். அடிவீரர் மட்டையை நீட்டுகின்றார். அக்கணமே ஒன்பது காவலரும் அசையத் தொடங்குகின்றனர்.

முதலாந் தளக் காவலர், ஓட்டவீரர் முந்தி ஓடாவண்ணம் தளத்தோடு ஒட்டி நின்றவர், பந்து எறியப்பட்டதும் மூலத்தளத்தை நோக்கி விரைவர். மூன்றாந் தளக் காவலரும் தம் பக்கத்திலிருந்து அவ்வாறே விரைவர். எறிவீரர் எறிந்து முடித்ததும் மேட்டினின்று இறங்கி நடுவிடத்தைக் காப்பர். மூலத்தளத்தின் முன் சில அடிக்குள் நின்றுவிடும் பந்து பின்காவலர்க்கு உரியது. முதலாந் தளம் வெறுமையாய் விடப்பட்டமையால், இரண்டாந் தளக் காவலர் அங்கே ஓடிச்சென்று எறியை வாங்குவர். இடைக்காவலர் இரண்டாந் தளத்தை நிரப்புவர். வெளிக்காவலர் மூவரும் முன்னோக்கி ஓடி, தத்தமக்கு நேரேயுள்ள தளத்தின் பின்னே நின்று, தவறிவரும் எறியை மறிப்பர்.

இங்கே பலர் மறந்துவிடும் இடமொன்று உண்டு. மூன்றாந் தளக் காவலர் பந்தை எடுக்க முன்னே சென்றமையால் அவர்தம் தளம் வெறுமையாகின்றது. முதலாந் தளத்திலிருந்து புறப்பட்டவர் விரைவாக ஓடுபவராயின், இரண்டாந் தளத்தைத் தாண்டி அவ்வெறுந் தளத்தையும் கைப்பற்றிவிடுவர். ஆதலின், பந்தைத் தாம் எடுக்காத எறிவீரரோ பின்காவலரோ உடனே மூன்றாந் தளத்தை நோக்கி ஓடவேண்டும். தமக்குப் பந்து வரவில்லையே என்று நின்று வேடிக்கை பார்ப்பவரே இவ்வாட்டத்திற் குற்றவாளி.

பந்தை எடுப்பவர்க்கு எங்கே எறிவது என்பதைத் தீர்மானிக்க நேரமில்லை. அவர் குனிந்திருக்கின்றார், அவர் முதுகு தளங்களை நோக்கியிருக்கின்றது. மைதானம் முழுவதையும் முகத்துக்கு நேரே காண்பவர் பின்காவலர் ஒருவரே. ஆகவே எந்தத் தளத்துக்கு எறியவேண்டும் என்பதை அவரே உரத்த குரலிற் கூவுவர். மற்றவர் அதற்குக் கீழ்ப்படிவர். இரண்டு குரல் எழுந்தால் கேடு. குரலே எழாவிடின் அதனினும் கேடு. வலக்கை அடிவீரர் முதலாந் தளத்தை அடைய ஏறக்குறைய நாலேகால் விநாடி செல்லும். அதற்குள் பந்து உருண்டு, எடுக்கப்பட்டு, எறியப்பட்டு, பிடிக்கப்படவும் வேண்டுமாயின் ஆலோசனைக்கு இடமேது?

முதலாந் தளக் காவலர் இடக்கையராயிருத்தல் இங்கே ஒரு வசதி. பந்தை எடுத்தபின் உடலைத் திருப்பாமலே இரண்டாந் தளத்துக்கோ மூன்றாந் தளத்துக்கோ அவரால் எறியக்கூடும். சென் லூயிஸ், நியூ யோர்க் குழுக்களில் விளையாடிய இடக்கையரான கீத் ஹேர்னாண்டஸ் இத்துறையிற் பெயர்பெற்றவர். அவர் மூலத்தளத்தை நெருங்கிப் பாயும் வேகத்தைக் கண்டு தட்டுவதற்கே தயங்கியோர் பலர். காவலிற் சிறந்தோர்க்கு அளிக்கப்படும் பொற்கையுறைப் பரிசை அவர் 1978 முதல் 1988 வரை தொடர்ந்து 11 முறை பெற்றார்.

இருவர் நிற்கும்போது

முதலாம் இரண்டாந் தளங்களில் இருவர் நிற்கும்போதுதான் காவலர்க்கு உண்மையான சோதனை. இரண்டாந் தளத்தில் நிற்பவர் மூன்றாந் தளத்துக்குக் கட்டாயமாக ஓடவேண்டியவர். ஆகவே மூன்றாந் தளத்தை மிதித்தே அவரை வீழ்த்தலாம். ஆனால் அத்தளத்தின் காவலர் முன்னே ஓடிவிட்டால் அங்கே மிதிப்பவர் யார்? அவர் தளத்திலேயே நின்றால் அந்தப் பக்கம் உருளும் பந்தை எடுப்பவர் யார்?

இவ்வினாவுக்கு இரண்டு விடைகள் உண்டு. பழைய முறையிலே, எறிவீரர் எறிந்ததும் மூன்றாந் தளக் கோட்டை நோக்கிச் சரிந்து ஓடுவர். மூன்றாந் தளக் காவலர் சில அடி முன்வந்து பந்தின் போக்கை நோக்குவர். எறிவீரர் எடுக்கத்தக்க பந்தாயின் பின்வாங்கித் தளத்தை மிதித்து நிற்பர். எறிவீரரைத் தாண்டிச் செல்லும் வலுவான தட்டாயின் தாமே எடுத்து முதலாந் தளத்துக்கு எறிவர். இது நிதானமானது, ஒருவரையேனும் வீழ்த்துதல் பெரும்பாலும் உறுதி. ஆயின், முன்வருவதா பின்வாங்குவதா என்ற தீர்மானம் மூன்றாந் தளக் காவலர் ஒருவரின் கண்ணையே நம்பியிருக்கின்றது.

மற்றதைச் சக்கர உபாயம் என்பர். முதலாந் தளக் காவலரும் மூன்றாந் தளக் காவலரும் ஒருங்கே முன்னே பாய்வர். இடைக்காவலர் இரண்டாந் தள ஓட்டவீரரைத் தளத்துக்குத் திருப்புவார்போல ஒரு பாவனை காட்டி, பின் சட்டென மூன்றாந் தளத்துக்கு ஓடுவர். இரண்டாந் தளக் காவலர் முதலாந் தளத்தை அடைவர். வண்டிச் சக்கரம் சுழல்வதுபோல் அகக்காவலர் இடம்பெயர்தலின் இப்பெயர் வந்தது. நன்கு நடந்தால் முன்னணி ஓட்டவீரர் மூன்றாந் தளத்திலே எளிதில் வீழ்வர். ஆனால் இரண்டாந் தளம் வெறுமையாகின்றது; அகக்களத்தின் நடுவும் திறந்துகிடக்கின்றது. அடிவீரர் சூட்சுமம் உடையவராயின், தட்டுவார்போல் நீட்டிய மட்டையைப் பின்னிழுத்து ஓங்கி அடித்துவிடுவர். பாய்ந்து வருங் காவலர் இருவரும் அப்போது மிக அணுகி நிற்பராதலால், பந்து அவர்களைக் கடந்து செல்லுதல் மாத்திரமன்றி, அவர்தம் உடலுக்கே ஊறு விளைத்தலுங் கூடும். ஆகவே இவ்வுபாயத்தை ஓர் ஆட்டத்தில் அடிக்கடி காட்டலாகாது. ஓர் ஓட்டமே வெற்றி தோல்வியைத் தீர்க்கும் வேளைக்கென்று ஒதுக்கிவைத்தல் வேண்டும்.

மூன்றாந் தளத்தில் ஒருவர்

மூன்றாந் தளத்தில் ஒருவர் நிற்க, அவரை மூலத்தளத்துக்குக் கொண்டுவரத் தட்டுவதைப் பிழிதட்டு என்னலாம். பந்து எறிவீரர் கையை விட்டு நீங்குமுன்னரே ஓட்டவீரர் புறப்பட்டுவிடுதல் ஒரு வகை; தட்டு நன்றாக அமைந்ததைக் கண்டபின் புறப்படுதல் மற்றொரு வகை. முதல்வகையில், அடிவீரர் பந்தைத் தொடத் தவறின் ஓட்டவீரர் தப்புவது அரிது. ஆதலின் எறிவீரர் அக்குறிப்பை முன்னே உணர்ந்தால், மட்டைக்கு எட்டாதவாறு பந்தைப் புறத்தே எறிவர். பின்காவலர் அதனைப் பிடித்து, ஓடிவருபவரை மூலத்தளத்திலே தொடுவர். இரண்டாம் வகையில், பந்தை எடுப்பவர் கையுறையாலேயே தள்ளிப் பின்காவலரிடம் சேர்ப்பதுமுண்டு. அங்கே கைமாற்றி எறிய நேரமில்லை.

நான்கு சாட்சிகள்

இனி, மேற்கூறியவற்றுக்கு உலகத் தொடர்களிலிருந்தே சாட்சி காட்டுவோம்.

1969 ஒக்ரோபர் 15ஆந் திகதி, நியூ யோர்க் மெற்ஸ் குழுவும் பால்ற்றிமோர் ஓரியோல்ஸ் குழுவும் நான்காம் ஆட்டத்தில் ஓர் ஓட்டத்துக்கு ஓர் ஓட்டமாகச் சமநிலையில் நின்றன. பத்தாம் இன்னிங்ஸ், மெற்ஸ் பக்கத்தில் முதலாம் இரண்டாந் தளங்களில் இருவர். ஜே. சி. மாட்டின் மெல்லத் தட்டினார். எறிவீரர் பீற் றிச்செற் பந்தை எடுத்து முதலாந் தளத்துக்கு எறிந்தார். பந்து ஓடிக்கொண்டிருந்த மாட்டினின் மணிக்கட்டிற் பட்டு விலகி உருண்டது. இரண்டாந் தளத்திலிருந்து றொட் காஸ்பர் ஓடிவந்து வெற்றி ஓட்டத்தைப் பெற்றார். மாட்டின் தமக்குரிய ஓடுபாதைக்கு உட்புறமாக ஓடினார் என்பதைப் பின்னர் வெளியான புகைப்படங்கள் காட்டின. நடுவரோ அவ்வாறு தீர்க்கவில்லை. மெற்ஸ் அடுத்த ஆட்டத்தையும் வென்று தொடரைக் கைப்பற்றியது. இதனாற் பெறப்படுவது, எறிபவர் ஓடுபவரின் முதுகுக்கு நேரே எறியலாகாது. ஓரடி விலகி எறிதற்கு வழி தேடுதல் வேண்டும். தளத்தில் நின்று வாங்குபவரும் உட்புறமாக நகர்ந்து கையைக் காட்டுதல் வேண்டும் என்பதாம். நடுவரின் தீர்ப்பை நம்பி எறிதல் காவலாகாது.

1975 ஒக்ரோபர் 14ஆந் திகதி, சின்சினாற்றியும் பொஸ்ரனும் மூன்றாம் ஆட்டத்தில் ஐந்துக்கு ஐந்தாக நின்ற பத்தாம் இன்னிங்ஸில், சின்சினாற்றியின் எட் ஆம்பிறிஸ்ரர் தட்டிய பந்து மூலத்தளத்தின் முன்னேயே உயர்ந்து துள்ளியது. முதலாந் தளத்தில் சீசர் ஜெரோனிமோ நின்றார். பொஸ்ரனின் பின்காவலர் காள்ற்றன் பிஸ்க் பந்தை எடுக்கப் பாய்ந்தபோது ஆம்பிறிஸ்ரரோடு மோதுண்டார். எனினும் பந்தைப் பற்றி இரண்டாந் தளத்துக்கு எறிந்தார். எறி தவறி வெளிக்களத்துக்குச் சென்றது. ஓட்டவீரர் மூன்றாந் தளத்தையும் அடிவீரர் இரண்டாந் தளத்தையும் அடைந்தனர். இடையூறு என்று பொஸ்ரன் பக்கத்தார் முறையிட்டும் நடுவர் லறி பார்னெற் ஏற்கவில்லை. சிறிது நேரத்தில் ஜோ மோர்கன் அடித்த அடியால் சின்சினாற்றி ஆறுக்கு ஐந்தாக வென்றது. தொடரையும் நான்குக்கு மூன்றாக வென்றது. நடுவர் தீர்ப்பைப் பற்றிய வாதம் பல்லாண்டு நீடித்தது. ஆயின், மோதுண்டு நிலைதவறிய பின்னும் தூரத்து எறியையே பிஸ்க் தேர்ந்தமையை அவ்வாதத்தின் ஆரவாரத்திற் பலர் மறந்துவிட்டனர்.

2001 நவம்பர் 4ஆந் திகதி நிகழ்ந்தது இவற்றுள் மிகப் புகழ்பெற்றது. அரிசோனாவும் நியூ யோர்க் யாங்கீஸும் மோதிய ஏழாவதும் இறுதியுமான ஆட்டம். ஒன்பதாம் இன்னிங்ஸின் இறுதிப்பாதி. யாங்கீஸ் இரண்டுக்கு ஒன்றாக முன்னிற்கின்றது. மேட்டில் நிற்பவர் மரியானோ ரிவேரா. ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸைக் காத்து முடிப்பதில் அவர்க்கு நிகரானவர் இலர் என்பது அக்காலத்தோர் கருத்து. மார்க் கிரேஸ் முதலில் ஒரு தளம் பெற்றார். அவர்க்குப் பதிலாக டேவிட் டெலூச்சி ஓட வந்தார். டேமியன் மில்லர் மெல்லத் தட்டினார். ரிவேரா பந்தை எடுத்து, முன்னணி ஓட்டவீரரை வீழ்த்தக் கருதி இரண்டாந் தளத்துக்கு எறிந்தார், எறி விலகிச் சென்றது, இருவரும் தப்பினர். அடுத்து ஜே பெல்லும் தட்டினார். இம்முறை ரிவேரா மூன்றாந் தளத்துக்குச் செம்மையாக எறிந்து டெலூச்சியை வீழ்த்தினார். அங்கே நின்ற ஸ்கொற் புரோசியஸ் பந்தை முதலாந் தளத்துக்கு எறியாமல் கையில் வைத்துக்கொண்டார். எறிந்திருந்தால் இரண்டாம் ஆட்டமிழப்பும் கிடைத்திருக்கக்கூடும். அதன்பின் ரொனி வோமக்கின் அடியால் சமநிலை வந்தது. அடுத்து வந்த கிரெய்க் கவுன்செல் எறிபந்து உடலிற் பட்டதால் தளம் பெற்றார். லூயிஸ் கொன்சாலெஸ், முன்னே நெருங்கி நின்ற அகக்காவலரின் தலைக்கு மேலே மெல்லத் தூக்கிவிட்ட பந்தால் அரிசோனா மூன்றுக்கு இரண்டாகப் பட்டம் வென்றது.

ரிவேராவின் முதலெறியைப் பேராசை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின் நீதியாகப் பேசின், முதலாந் தளத்தில் நின்றவரே சமநிலை ஓட்டம். அவரை வீழ்த்தியிருந்தால் ஆட்டம் பாதி முடிந்ததாகும். ஓர் ஓட்டத்தால் முன்னிற்கும் குழு முன்னணி ஓட்டவீரரை நாடுவதற்குக் காரணம் உண்டு. எனவே முதல் விதியை மூடவிதியாகக் கொள்ளலாகாது. ஓட்டக் கணக்கும், ஓட்டவீரரின் வேகமும், தட்டின் வலிமையும் சேர்ந்தே இலக்கைத் தீர்மானிக்கும். வலுவாகத் தட்டப்பட்டு நேரே கைக்கு வந்த பந்தாயின் முன்னணித் தளத்தை நாடலாம். மெதுவாக உருண்டு நின்ற பந்தாயின் முதலாந் தளமே கதி. எதுவாயினும், கால் ஊன்றாமல் எறியப்படும் பந்து எந்த விதியையும் காப்பாற்றாது.

இதற்கு நான்காஞ் சாட்சி 2006ஆம் ஆண்டுத் தொடர். டிற்றோயிற் குழுவின் எறிவீரர் அத்தொடரின் ஐந்து ஆட்டங்களிலும் ஆட்டத்துக்கு ஒன்றாக ஐந்து காவற்பிழை விட்டனர். நான்காம் ஆட்டத்தில், மூன்றுக்கு இரண்டாகத் தாம் முன்னிற்கையில், சோ தகூச்சி தட்டிய பந்தை எடுத்த பெர்னாண்டோ றொட்னி, முதலாந் தளத்துக்கு எறிந்த பந்து அங்கே காத்துநின்ற பிளாசிடோ பொலாங்கோவின் தலைக்கு மேலே சென்றது. இரண்டாந் தளத்தில் நின்ற டேவிட் எக்ஸ்ரைன் ஓடிவந்து சமநிலை செய்தார். ஐந்தாம் ஆட்டத்தில், இரண்டுக்கு ஒன்றாக முன்னிற்கையில், சென் லூயிஸின் எறிவீரர் ஜெவ் வீவர் தட்டிய பந்தை ஜஸ்ரின் வேர்லாண்டர் மூன்றாந் தளத்துக்கு எறிந்தார். அது காவலரைக் கடந்து வெளிக்களத்துக்கு ஓடியது. சமநிலை ஓட்டம் வந்தது. அடுத்து முன்னணி ஓட்டமும் வந்தது. சென் லூயிஸ் அவ்விரு ஆட்டங்களையும், அவற்றோடு பட்டத்தையும் வென்றது. றொட்னி எறிந்தது உறுதியான ஆட்டமிழப்பை நாடி. வேர்லாண்டர் எறிந்தது முன்னணி ஓட்டவீரரை நாடி. இலக்கு இரண்டும் வேறு, முடிவு ஒன்றே. இலக்கைச் சரியாகத் தெரிந்தாலும் கையும் காலும் பழகியிராவிடில் பயனில்லை என்பதை இதனின் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

விதிகள் தரும் உதவி

விதிகளை நன்கு கற்ற காவலர்க்கு அவையும் துணைசெய்யும். கோட்டோரமாக உருளும் தட்டுப்பந்து, முதலாம் அல்லது மூன்றாந் தளத்தை அடையுமுன் எங்கே நிற்கின்றதோ அல்லது எங்கே தொடப்படுகின்றதோ அதைக்கொண்டே அகப்பந்தா புறப்பந்தா என்பது தீர்மானிக்கப்படும். ஆகவே ஓடுபவரை வீழ்த்த இயலாதெனக் கண்ட காவலர், பந்தைத் தொடாது நின்று, அது கோட்டுக்குப் புறத்தே செல்லும்வரை காத்திருப்பர், சென்றதும் தொட்டுவிடுவர். 1981ஆம் ஆண்டில் சியாற்றில் குழுவின் மூன்றாந் தளக் காவலர் லெனி றண்டில், மெல்ல உருண்டுவந்த பந்தொன்றைத் தரையிற் கிடந்து வாயால் ஊதிப் புறத்தே அனுப்ப முயன்றார். பந்து புறத்தே சென்றது. நடுவரோ அதனை ஒப்பவில்லை. காத்திருக்கலாம், ஊதலாகாது என்பது அன்று முதல் எல்லார்க்கும் தெரிந்த நியாயமாயிற்று.

தட்டிய பந்து சற்றே மேலெழுமாயின் மற்றொரு வழியுண்டு. அகக்களத்தில் எளிதிற் பிடிக்கத்தக்க உயர்பந்து எழுந்தவுடன் அடிவீரர் ஆட்டமிழந்தார் என்று கொள்ளும் விதி, தட்டுப்பந்துக்குப் பொருந்தாது. ஆகவே ஓட்டவீரர் பந்து பிடிபடுமென அஞ்சித் தளத்திலே நின்றுவிட்டால், காவலர் பந்தைத் தொடாமலே தரையில் விழவிட்டு, பின் எடுத்து, இருவரை வீழ்த்த முயலலாம். கையிற் பட்டபின் வேண்டுமென்றே நழுவவிடுதல் மட்டும் விலக்கப்பட்டது. இரண்டு ‘ஸ்றைக்’ பெற்றுவிட்ட அடிவீரர் தட்டிய பந்து புறப்பந்தாயின் அவர் ஆட்டமிழப்பர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அந்நிலையில் மூன்றாந் தளக் காவலர் அத்துணை முன்னே வரவேண்டியதில்லை.

இக்காலத்து நிலை

அமெரிக்கப் பெருங்குழு ஆட்டங்களில் மென்தட்டு முன்னைப்போல் வழக்கிலில்லை. மேலே காட்டிய கணக்கு ஒரு காரணம். எறிவீரர்க்குப் பதிலாக வேறொருவர் மட்டை பிடிக்கும் முறை, 1973இல் அமெரிக்கன் லீக்கிலும், 2022 முதல் நிலையாக நஷனல் லீக்கிலும் ஏற்பட்டமை மற்றொரு காரணம். ஏனெனில் தியாகத் தட்டுத் தட்டுவதில் பெரும்பங்கு எறிவீரருடையதாகவே இருந்தது.

எனினும் அது மறையவில்லை. 2020 முதல், ஒன்பது இன்னிங்ஸுக்கு மேற்செல்லும் சாதாரண பருவ ஆட்டங்களில் ஒவ்வோர் அணியும் இரண்டாந் தளத்தில் ஓர் ஓட்டவீரரோடு தொடங்குகின்றது. 2023இல் இவ்விதி நிலையாக்கப்பட்டது. ஓர் ஓட்டம் போதுமென்ற அந்நிலையில் அவரை மூன்றாந் தளத்துக்கு நகர்த்தத் தட்டுவது இன்றுங் காணக்கூடியது. அங்கே முதலாந் தளம் வெறுமையாயிருத்தலின் கட்டாய ஓட்டமில்லை. மூன்றாந் தளத்தில் அவரைத் தொடவேண்டுமேயன்றித் தளத்தை மிதித்துப் பயனில்லை. ஆதலின் காவலர் முதலாந் தளத்து ஆட்டமிழப்பையே பெரும்பாலும் பெற்றுக்கொள்வர்.

2023இல் வந்த வேறு விதிகளும் இதனைத் தொடுகின்றன. எறிவீரர் ஓர் அடிவீரருக்கு எறிந்துமுடிக்கும்வரை, ஓட்டவீரரை அச்சுறுத்தற்பொருட்டு இருமுறைக்கு மேல் மேட்டினின்று கால் விலக்கவோ தளத்துக்கு எறியவோ துணிவது அபாயமாயிற்று. மூன்றாம் முறை ஓட்டவீரரை வீழ்த்தாவிடின் அவர்க்கு ஒரு தளம் இலவசமாகப் போகும். அடிவீரர் தட்ட எண்ணுகின்றாரா என்பதை அறியப் பழைய எறிவீரர் இத்தகைய போலி அசைவுகளையே கருவியாகக் கொண்டிருந்தனர். இரண்டாந் தளத்தின் இருபுறமும் இவ்விரண்டு அகக்காவலர் நிற்கவேண்டுமென்ற விதியும் அவ்வாண்டே வந்தது. சக்கர உபாயத்தில் இடைக்காவலர் இடப்புறத்திலும் இரண்டாந் தளக் காவலர் வலப்புறத்திலுமே ஓடுவதால், அவ்வுபாயம் இவ்விதிக்கு முரண்படுவதன்று. 1969இல் வழக்குண்டாக்கிய ஓடுபாதையும் 2024இல் அகக்களப் புல்லோரம் வரை அகலமாக்கப்பட்டது. எனவே ஓடுபவரைத் தவிர்த்து எறிய வேண்டிய பொறுப்பு எறிபவர்க்கு முன்னிலும் கூடியுள்ளது.

முடிவுரை

இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கப் புகுந்தவன் கதையை நம்மவர் பழமொழியாகச் சொல்வர். மென்தட்டைக் காப்பதில் அப்பழமொழி பெரும்பாலும் பொருந்துமெனினும், முழுவதும் பொருந்தாது. பறப்பதைப் பிடித்தே தீரவேண்டிய வேளையும் உண்டு. எவ்வேளை எது என்பதை அறிவதே காவலரின் கல்வி. அக்கல்வி பந்து உருளும் நாலு விநாடிக்குள்ளே வருவதன்று. அதற்கு முன், பயிற்சி மைதானத்தில் நாலுநூறு முறை உருட்டிவிடப்பட்ட பந்துகளிலே வந்திருத்தல் வேண்டும்.

நம் மாணவர் எந்த ஆட்டத்தை ஆடினும் சரி, பந்து தம் கைக்கு வராத வேளையில் தாம் எங்கே நிற்கவேண்டும் என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருத்தலும், ஒரு குரலுக்கு ஒன்பதுபேரும் செவிகொடுத்தலும், கால் ஊன்றிய பின்னரே கையை ஓச்சுதலும் ஆகிய இம்மூன்றும் எங்கும் பொதுவானவை. இவற்றைக் கற்பிக்கும் ஆட்டம் அயல்நாட்டதாயினும் அதனை அறிந்துகொள்ளுதல் நமக்கு நட்டமன்று.